வெளுத்த கள்ளி

“விஷம் வச்சிருக்கா பாய். வேற யாருமில்ல, நான் பெத்த மகளேதான் வச்சிருக்கா.”

குற்றாலம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் துல்கர்னைன் ஒரு கணம் ஆடிப்போனார். பேச்சிராஜ் மேசைமேல் வைத்த தொட்டியைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. விஷயம் ஒரு கள்ளிச்செடி.

செடி பரிதாபமாகத்தான் இருந்தது. அடியில் பந்து மாதிரி உருண்டு கரும்பச்சையாக நின்றது. பாதிக்கு மேல் விரல் பருமனுக்கு மெலிந்து, மஞ்சளும் வெள்ளையுமாக வெளிறிச் சாய்ந்து கிடந்தது. முள்ளுக்குக்கூடத் தெம்பில்லை.

“அவ காலேஜ் சேந்ததுக்கு ஜோத்பூர்லருந்து ரயில்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். இப்ப அப்பன் மேல உள்ள கோவத்த இதுல காட்டியிருக்கா. ஆசிட்டோ பினாயிலோ ஊத்தியிருப்பா.”

பேச்சிராஜ் ராணுவத்தில் ஹவில்தார். எதிரி இல்லாத இடத்திலும் எதிரியைத் தேடுகிற கண். போன வருஷம் மகள் அபியை ஒரு பையனோடு தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொந்தக்காரர் ஒருவர் வத்தி வைத்தார். முகாமிலிருந்து ஒரே போனில் அந்த விவகாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார் பேச்சிராஜ்.

அன்றிலிருந்து அபி அவரோடு பேசுவதில்லை. நேற்று லீவில் வந்து இறங்கியவரை எட்டிப் பார்க்கவும் இல்லை. அவள் அறைக்கதவு சாத்தியது சாத்தியபடியே இருந்தது. இவருக்கும் வீம்பு, போய்த் தட்டவில்லை.

ஆனாலும் லீவு முடிவதற்குள் அவள் வாயால் ஒரு தரம் ‘அப்பா’ என்று கேட்டுவிட வேண்டுமென்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்தச் செடியைப் பிழைக்க வைத்து அவள் முன்னால் கொண்டுபோய் நீட்டினால் இளகமாட்டாளா?

“வீட்டுல என்ன சொல்லுதாக?” என்று கேட்டார் துல்கர்னைன்.

“செடி எங்கன்னு கேட்டதுக்கு பொண்டாட்டிதான் உள்ளருந்து எடுத்தாந்து குடுத்தா. சாரல் பட்டு வீணாயிட்டுன்னு சொல்லுதா. மகளக் காப்பாத்துதாளாம்!”

துல்கர்னைன் சிரித்துக்கொண்டார். குற்றாலத்துப் பக்கம் சுவரில் பூசணம் பிடித்தாலும் சரி, சட்டை நாறினாலும் சரி, பழி சாரல் தலையில்தான் விழும்.

அவர் செடியின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். “அழுகல் இல்ல.” நகத்தால் லேசாகச் சுரண்டினார். “பூச்சி இல்ல.” மண்ணோடு பெயர்த்து மோந்து பார்த்தார். “மருந்து வாடையும் இல்ல. வேரு நல்லா இருக்கு. இதுல சாரலும் படல, விஷமும் படல அண்ணாச்சி.”

“பெறகு?”

“வெளிச்சம் படல. இந்தப் பச்ச இருக்குல்லா, அது வெயில்ல வளந்தது. மேல வெளுத்தது பூராவும் இருட்டுல வளந்தது. எப்படிச் சாஞ்சிருக்கு பாருங்க. அங்கன ஏதோ ஒரு இடுக்கு வழியா துளி வெளிச்சம் வந்திருக்கு. அதப் பாத்தே தலைய நீட்டிக்கிட்டுக் கெடந்திருக்கு.”

பேச்சிராஜ் வெளுத்த நுனியை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பாலைவன வெயிலில் ஜம்மென்று நின்ற செடி. அதைப்போய் இப்படி வதைக்க யாருக்கு மனசு வந்தது?

“இன்னொண்ணு சொல்லுதேன். இருட்டுல தண்ணி கொஞ்சம் கூடுனாலும் இது அழுகிரும். அழுகாம வச்சிருக்குன்னா, ஊத்துன கை பாத்துப் பாத்து ஊத்தியிருக்கு. பிள்ளயப் போயி சந்தேகப்படாதீய.”

“அப்ப அவ அம்மா வேலதான் இது. பரண்லயோ எங்கனயோ தூக்கிப் போட்டுருப்பா. பொழைக்குமா பாய்?”

“பொழைக்கும். ஆனா எடுத்த எடுப்புல வெயில்ல வச்சிராதீய, வெந்துரும். மொத கொஞ்ச நாளு வராந்தா. பெறகு காலை வெயிலு. இனிமே வளருறது பச்சையா வளரும். மெலிஞ்ச எடம் மட்டும் மெலிஞ்சதுதான். அத ஒண்ணும் செய்ய முடியாது.”

மேலகரத்தில் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போதே பேச்சிராஜின் குரல் ஏறிவிட்டது. அபியின் காதிலும் விழட்டும் என்றே கத்தினார். நான் உன் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரியவேண்டாமா?

“ஏட்டி முத்துலட்சுமி! சாரலா பட்டுச்சு, சாரலு? ஒரு உசுர இருட்டுல அடைச்சுப் போட்டு சாகடிக்கப் பாத்திருக்கியே, நீயெல்லாம் பொம்பளையா?”

முத்துலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“வாயத் தொறந்து சொல்லு. எங்கன வச்சிருந்த இத?”

“அபி ரூம்ல. ஜன்னல்ல.”

“பொய் சொல்லாத! ஜன்னல்ல இருந்த செடிக்கு வெளிச்சம் வராமலா போவும்?”

முத்துலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதிலிருந்த சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“‘ஒருத்தன் கண்ணுலயும் அவ படக்கூடாது’ன்னு நீங்க போன்ல சொன்ன அன்னைக்கே அந்த ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு, அவளும் அன்னைலருந்து உள்ளதான கெடக்கா.”