ஆறு வார விருந்தாளி

தைரியநாதனின் சிறுநீர்க்குழாயில் அடைத்திருந்த கல்லை எடுத்த டாக்டர், வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையில்லாமல் இறங்கட்டும் என்று ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார். "ஆறு வாரத்தில் வாருங்கள், எடுத்துவிடலாம்" என்றார். வலி போனதும் தைரியநாதன் அதை மறந்தேபோனார்.

நான்கு மாதம் ஓடியது. ஸ்டென்டின் மேல் உப்புப் படிந்து வழி குறுகியது.

"தம்பி, வந்த வேலை முடிந்ததே, கிளம்பலாமே" என்றது சிறுநீரகம்.

"நான் போனால் இங்கே ஒரு சொட்டு இறங்குமா அண்ணே?" என்றது ஸ்டென்ட்.

சிறுநீரகம் கீழே இருந்த சிறுநீர்ப்பையிடம் முறையிட்டது.

"எனக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இவன் வால் என்னையும்தான் குத்துகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற சிறுநீர்ப்பை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முறுக்கத் தொடங்கியது. மைத்துனன் கல்யாணப் பந்தியில் மூன்று முறை இலையை விட்டு எழுந்தோடிய தைரியநாதன், மறுநாளே டாக்டரிடம் போனார்.

நல்லவேளை, உப்பு இன்னும் இறுகவில்லை. டாக்டர் ஸ்டென்டை இடுக்கியால் இழுத்துத் தட்டில் போட்டார்.

"சீக்கிரம் என்னை உள்ளே வை. நான் இல்லாமல் அங்கே எல்லாம் நின்றுபோயிருக்கும்" என்று இடுக்கியை அவசரப்படுத்தியது ஸ்டென்ட்.

பக்கத்துக் கழிப்பறைக்குள் தைரியநாதன் நுழைந்தார். சளசளவென்று சத்தம் கேட்டது.

"பார், யாரோ குழாயை மூட மறந்துவிட்டார்கள்" என்றது ஸ்டென்ட்.