குட்டையில் வந்த நிறம்

மூன்றாம் நாள் மதியம், திறந்தவெளிக் கல்சுரங்கத்தின் அடியில் தேங்கிய குட்டையில் தண்ணீர் சிவந்தது.

முதலில் பார்த்தவர் பம்ப்காரர்தான். அவர் போட்ட சத்தத்தில், இருபது ஆள் உயரத்துக்கு மேலே லாரிக்குள் கண்ணயர்ந்திருந்த டிரைவர் வண்டியையே ஸ்டார்ட் செய்துவிட்டார்.

எல்லாரும் இறங்கி ஓடி வந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்களும் உண்டு.

பின்னே, ஒரு மனிதரின் வேலையே அல்லவா அந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது?

ஆறு மாதமாக பம்ப் இரவு பகலாக ஓடுகிறது. குட்டை மட்டும் ஒரு சாண் இறங்கவில்லை. வெட்டியெடுக்க வேண்டிய கல்லெல்லாம் தண்ணீருக்கடியில் ஹாயாகக் கிடக்கிறது.

மேனேஜருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவருக்கு எப்போதுமே காரணம் சீக்கிரம் தெரிந்துவிடும். பம்ப்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார். ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பத்தொன்பது வருடத்தில் பம்ப்காரர் வேலை நேரத்தில் தூங்கியது ஒரே ஒரு நாள். அதுவும் அவருடைய கல்யாணத்துக்கு மறுநாள்.

நிலத்தடி நீரைப் பார்க்க வந்த இன்ஜினியர் அம்மாவுக்கு வேறு சந்தேகம். இறைக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டுவது மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய குழியில். அது பாறை வெடிப்பு வழியாக இங்கேயே திரும்பி வந்தால்? ஆறு மாதமாக ஒரே தண்ணீர்தான் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால்?

சோதித்துப் பார்க்க, பழைய குழியில் சாயப்பொடி போட்டார். அந்தச் சாயம் மூன்று நாளில் இந்தக் குட்டையில் தெரிந்தால் பம்ப்காரர் தப்பித்தார். தெரியாவிட்டால் மூன்றாம் நாள் மாலையோடு கிளம்ப வேண்டும் என்று மேனேஜர் கெடு வைத்தார்.

பொடி டப்பாவைச் சுமந்து போனது பம்ப்காரர்தான். மூடியைத் திறந்து கொடுத்ததும் அவர்தான். உள்ளே செங்கல் பொடி மாதிரி நல்ல சிவப்பு. அதைத் தண்ணீரில் கொட்டும்வரை அவர் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து பம்ப் நின்று தொலைத்தால் அந்தப் பழியும் தன் தலையில் விழுமே என்று திரும்பி ஓடி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து குட்டையை விட்டு அசையவில்லை. சோறு, தூக்கம், புலம்பல் எல்லாம் கரையிலேயே.

இப்போது குட்டை சிவந்து கிடந்தது.

சக ஆட்கள் அவர் முதுகில் தட்டியே வலி வரவைத்தார்கள். மேனேஜர் சிவப்பை ஒருமுறை பார்த்தார், பம்ப்காரரை ஒருமுறை பார்த்தார். குழாயை இன்னும் தூரத்துக்கு நீட்ட ஏற்பாடு செய்வதாக முணுமுணுத்துவிட்டு, போன் பேச மேலே ஏறிப் போனார். பம்ப்காரர் பெருந்தன்மையாக வழிவிட்டார்.

இன்ஜினியர் அம்மா மட்டும் குந்தி உட்கார்ந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். வெயிலுக்கு நேரே தூக்கி வெகுநேரம் பார்த்தார். கூட்டம் கலைந்த பிறகு பம்ப்காரர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, அந்தப் பொடி டப்பாவுல இருக்கறப்பதான் சிவப்பு. தண்ணில கரைஞ்சா பளிச்சுனு பச்சையாயிடும்.”

பம்ப்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சற்றுமுன் எல்லாரும் சாப்பிட ஏறிப் போன நேரத்தில்தான், மனைவி சாப்பாட்டோடு கொடுத்தனுப்பிய இரண்டு பொட்டலம் துணிச்சாயத்தை அவர் குட்டையில் கரைத்திருந்தார். கரைக்கும்போது தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவருக்கே ஒரு மரியாதை வந்திருந்தது. செய்யாத தப்புக்கு வேலை போகப்போகிறதே என்ற பயத்தில், உட்கார்ந்து யோசித்து ஒரு தப்பைச் செய்துவிட்டார். இனி இந்த அம்மா மேலே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஜினியர் அம்மா பாட்டிலை மூடினார். அவர் பார்வை பம்ப்காரர் மேல் இல்லை. குட்டையின் கோடியில், பாறை வெடித்திருந்த மூலையில் இருந்தது.

“போய் முதல்ல கையைக் கழுவுங்கண்ணே. அந்த மூலைக்கு மட்டும் போய்க் கலக்கி வெச்சிராதீங்க. அங்க பச்சை வருது.”