இன்னும் ஒரு கோட்

"மெக்கானிக் தம்பி, பெயிண்ட் காஞ்சிடுச்சா?" காலையிலிருந்து பெரியவர் கேட்பது இது நான்காவது முறை.

"இன்னும் ஒரு கோட் பாக்கி, சார்." வாசலில் உட்கார்ந்திருந்தவன் பைக்கின் முன் ஃபோர்க்கைத் தூக்கிக் காட்டினான்.

"ஒரு வாரமா இதே பாட்டுதான்!"

அவர் நகர்ந்ததும், நன்றாகக் காய்ந்திருந்த பெயிண்டை உப்புத்தாளால் மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தான்.

போன மாதம் இதே பைக்கில் கிளம்பியவர் வழி மறந்து, மூன்றாம் நாள்தான் கிடைத்தார். சாவியை ஒளித்தால் அழுகிறார். பைக்கைக் கழற்றிப் போட்டால் காத்திருக்கிறார்.

சாயங்காலம் கண் கலங்க வந்து நின்றார்.

"சீக்கிரம் மாட்டிக் குடு தம்பி. ஸ்கூல் விட்டிருப்பாங்க. என் பையன் கேட்டுல தனியா நிப்பான், பயந்துடுவான்."

உப்புத்தாள் நின்றுவிட்டது.

"பயப்பட மாட்டேம்ப்பா," என்றான், நாற்பது வயதான அந்தப் பையன்.