மூன்று மரத்துக் காகங்கள்

புளி, வேம்பு, இலுப்பை என மூன்று மரத்துக் காகங்களும், பருந்து வந்தால் ஒன்றாகத் திரள்வதென்றும், இடம் தேடி வரும் பறவையை அது முதலில் உட்காரும் மரமே வைத்துக்கொள்வதென்றும் பேசி வைத்திருந்தன. ஒருநாள், தன் மரம் வெட்டுப்பட்ட மைனா ஒன்று குஞ்சோடு வந்து புளியமரத்தில் உட்கார்ந்தது.

“இங்கே இடமில்லை, வேம்புக்குப் போ,” என்றது புளியமரத்துக் காகம்.

“முதலில் கால் வைத்த மரம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் பேச்சு,” என்றது வேப்பமரத்துக் காகம்.

“குஞ்சுக்குச் சிறகு ஓய்ந்துபோச்சு அண்ணே. இன்னிக்கு மட்டும்...”

புளியமரத்துக் காகம், பருந்தைக் கண்டதுபோல் கரைந்தது. மூன்று மரத்துக் காகங்களும் பாய்ந்து வந்து விரட்டின. மைனா குஞ்சைக் கூட்டிக்கொண்டு வெயிலில் போனது.

இரைச்சல் அடங்கியதும் இலுப்பைமரத்துக் கிழக் காகம் சொன்னது: “போன மாசம் என் குஞ்சைப் பருந்து தூக்கினப்போ நானும் இப்படித்தான் கரைஞ்சேன். ஒருத்தரையும் காணோம். இன்னிக்கு எல்லாரும் வந்துட்டோம். நானுந்தான் வந்தேன்.”