மூச்சு முட்டிய நெருப்பு

பனி இறங்கும் மலைவீடு ஒன்றில், மரத்தூள் உருண்டைகளைத் தின்று எரியும் அடுப்பு இருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் கரி படிந்து நெருப்பே தெரியவில்லை. எதிரே படுத்துக் கனாக் காணும் பூனை மூன்று நாளாய் வரவில்லை. கண்ணாடிக்கு அழுகையாய் வந்தது.

"உன்னாலதான்டி! துடைக்கத் துடைக்க என் மூஞ்சில கரியை அப்புற."

"வேணும்னே அப்புறேனா?" நெருப்பு இருமியது. "மூச்சு முட்டுதுடி."

கண்ணாடி அப்போதுதான் கீழே பார்த்தது. காற்று வரும் துளைகளையெல்லாம் சாம்பல் அடைத்திருந்தது.

"அடிப்பாவி, சொல்லக் கூடாதா?"

"நீ கேட்கவேயில்லையே."

காலையில், அடுப்பு ஆறியதும் துடைக்க வந்த துணியிடம் கண்ணாடி சொன்னது: "என்னை விடுங்கக்கா. முதல்ல அந்தச் சாம்பலைத் தள்ளுங்க."

சாயங்காலம் நெருப்பு கூப்பிய கை போல மஞ்சளாய் எழுந்தது. கண்ணாடியின் கரியை அதுவே மெல்லப் பொசுக்கியது. எதிரே மெத்தென்று ஏதோ வந்து படுத்தது.

இரண்டும் பேச்சை நிறுத்திக்கொண்டன. பூனை தூங்குகிறதல்லவா.