மனுவில் எழுதிய பொருள்

மறுபடியும் கருவி கீச்சிட்டது.

மண்டியிட்டு விரலால் மண்ணைக் கிளறினாள்.

சோடா மூடி.

இது மூன்றாவது.

அரளிச் செடியின் அடியில்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த அரளி? பூங்காவைப் புதுப்பித்தவர்கள் ஆறு அரளிகளையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். மூன்றைப் பார்த்தாகிவிட்டது. சரியாகப் பார்த்தாளா? முதல் செடிக்கே திரும்பிப் போகலாமா?

அனுமதி நான்கிலிருந்து ஐந்து வரை. இன்னும் இருபது நிமிடம்.

மெட்டல் டிடெக்டர் தோழியுடையது. ஷாப்பிங் மாலின் வாசலில் பெண்களைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. ஆறு மணி ஷிப்டுக்குள் திருப்பித் தந்தாக வேண்டும்.

கைப்பையில் மாநகராட்சியின் அனுமதிக் கடிதம், நான்காக மடித்து. நிபந்தனைகள் மனப்பாடம். புல்லைப் பெயர்க்கக் கூடாது. கையால் மட்டுமே கிளற வேண்டும். மனுவில் எழுதிய பொருள் தவிர வேறு எது கிடைத்தாலும் பூங்காக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மனுவில் ‘வீட்டுச் சாவி’ என்று எழுதியிருந்தாள்.

யோசித்து யோசித்துத்தான் எழுதினாள். அந்த அலுவலகத்தில் அப்பாவைத் தெரிந்தவர்கள் இருக்கலாம். சாவி என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

“புதையல் கிடைச்சா எனக்கும் ஒரு பங்கு குடும்மா.” தண்ணீர்க் குழாயைச் சுருட்டியபடி காவலர் சொன்னார்.

சிரித்து வைத்தாள்.

மூன்று மாதங்களுக்கு முன், மாலை வகுப்புக்குப் போகும் வழியில், இதே பூங்காவில் உட்கார்ந்திருந்தாள். அது கழுத்தில் இருந்தது. தினமும் இங்கே மட்டும், அரை மணி நேரம், போட்டுக்கொள்வாள். அன்று கேட்டருகே அண்ணன் வந்து நின்றான். பையைத் துழாவாமல் விடமாட்டான். கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, செடிக்கடியில் அழுத்தினாள். அவனோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்தபோது கேட்டில் பூட்டு. புதுப்பிக்கும் பணி.

நான்காவது அரளி.

கருவி கீச்சிட்டது. நகர்த்தினாள். அடங்கியது. திரும்பக் கொண்டுவந்தாள். கீச்சிட்டது.

முதலில் கைக்குட்டையின் ஓரம். பிறகு மஞ்சள் கயிறு. கறுத்திருந்தது.

உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

மண்ணில் ஒரு நிழல் விழுந்தது.

“கிடைச்சிருச்சா?”

காவலர் கேட்டால் காட்ட வேண்டும். அதுவும் ஒரு நிபந்தனை. கையை விரித்தாள். விரித்த பிறகுதான், விரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“சாவின்னுல்ல சொன்ன? இது தாலியாச்சேம்மா. யாரோடதோ. ஆபீஸ்ல ஒப்படைக்கணும்.”

அவர் அதைத் தொடவில்லை. தோள் துண்டை எடுத்து இரு கைகளிலும் விரித்து நீட்டினார்.

“என்னோடதுதான் அண்ணே.”

அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார். பிறகு கைகளில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். கொட்டகைக்குள் போய் ஒரு படிவத்தோடு வந்தார்.

“அப்போ உன்னோடதுன்னு எழுதிக் குடு. நீ எழுதுறதெல்லாம் போட்டு மூணு நாள்ல வீட்டுக்கு லெட்டர் வரும். அதக் காட்டி வாங்கிக்க.”

தாலியைத் துண்டில் வைத்தாள்.

பெயர். வயது. எழுதினாள்.

தந்தை / கணவர் பெயர். பொருந்தாததை அடிக்கவும்.

பேனாவை மூடினாள். திறந்தாள்.

‘தந்தை’யை அடித்தாள். கோடு கோணலாக விழுந்தது. பக்கத்தில், ஜெ. ஆல்வின்.

முகவரி.

அவனுடைய அறையின் முகவரியைக் கொடுக்கலாம். கடிதத்தை அவனே வாங்கி வைப்பான். யாருக்கும் தெரியாது.

அவள் தெருவுக்குத் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரத்தில் வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார்.

தன் வீட்டுக் கதவு எண்ணைப் பெரிதாக எழுதினாள். தெருப் பெயரையும்.

பின்கோடு சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.