ஆறாவது திருகாணி

முதல் ஆபரேஷனில் தச்சரின் முதுகெலும்பில் ஆறு திருகாணிகள் போட்டிருந்தார்கள். வலி போகவில்லை. வீட்டில் படுத்தால் இன்னும் அதிகமானது. இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் முதுகை மறுபடி திறந்து, பழையதை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்.

மறுநாள் காலை நர்ஸ் ஒரு சின்னப் பாட்டிலைத் தச்சரின் மனைவியிடம் கொடுத்தாள்.

"உள்ள இருந்து எடுத்ததும்மா. ஆறும் இருக்கா, பார்த்துக்குங்க."

ஆறும் இருந்தன. ஐந்து பளபளத்தன. ஒன்று மட்டும் கறுத்திருந்தது.

தச்சர் படுத்தபடியே அதை வாங்கி விரலில் உருட்டினார்.

"இது மரத்துக்குப் போடுறதுடி."

"உங்களுக்கு இன்னும் மயக்கம் தெளியலை."

"நம்ம கட்டிலுக்கு நான் முடுக்கினது. அன்னிக்குக் கை வழுக்கி, இதோட தலையில இருக்கிற கோடு சிதைஞ்சு போச்சு. இதோ பாரு."

மதியம் மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போனாள். பீரோவைத் திறக்காமல், டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அவர் படுக்கும் பக்கத்துச் சட்டத்தில் ஆறு திருகாணிகள். ஐந்து கறுத்திருந்தன. ஒன்று பளபளத்தது.

விரல் நுனியால் அதைத் தொட்டாள். உடம்புச் சூடு இருந்தது.